பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு: விற்பதா, இடிப்பதா, குத்தகைக்கு விடுவதா?

தாத்தா காலத்துப் பெரிய வீடு ஒன்றில் பங்கு வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேப்பேரி, புரசைவாக்கம், ராயபுரம், பெரம்பூர், ஜார்ஜ் டவுன், எங்கே இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் தூண் வைத்த போர்டிகோ, உள்ளே தேக்கு மாடிப்படி, மேலே ஒழுகும் தளம். பத்திரத்தில் உரிமை உள்ளவர்கள் நான்கு ஊர்களில் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் அமெரிக்காவில். ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வரும், இலை போட்டதும் நின்றுவிடும். எங்கள் அம்மா வழியிலும் வேப்பேரிப் பக்கம் அப்படி ஒரு வீடு இருக்கிறது, அதனால் இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டி வந்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் இருந்தால் பின்பக்க மனையில் கட்டிக்கொள்ளுங்கள், முன்பக்க வீட்டை ஒரே ஒரு நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுங்கள். மற்ற வழிகள் எல்லாமே இதைவிடக் குறைவாகத்தான் தெரிகின்றன, பூட்டிப் போடுவது எல்லாவற்றிலும் மோசம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வீடுகளை ஒரு தொழில்தான் சோறு போட்டு வளர்த்தது, அதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876ல் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் கர்நாடிக் மில், 1920ல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆனது. 1918ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. ஆலைச் சங்கு ஊதினால் அந்த வட்டாரமே நேரம் பார்த்துக்கொள்ளும். நூல், துணி, பெரியமேட்டுத் தோல் மண்டி, துறைமுக ஏற்றுமதி என்று அந்தக் காலத்து வடசென்னையில் ஓடிய பணத்தில் கட்டிய வீடுகள் இவை. பெருக்க இரண்டு பேர், தோட்டத்துக்கு ஒருவர், பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஒரு கூட்டம் என்று ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பதினைந்து அடி உயரச் சுவர் எழுப்பினார்கள். 1996ல் ஆலை மூடப்பட்டு, அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது. தொழில் போனது, வருமானம் போனது, வீடு மட்டும் அதே அளவில் நிற்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற கம்பளி ஆலை ஊரில் எட்வர்ட் அக்ராய்ட் என்ற பெரிய ஆலை முதலாளியின் பேங்க்ஃபீல்ட் மாளிகை, அவர் உயிரோடு இருக்கும்போதே, 1887ல், நகராட்சியின் கைக்குப் போய் அருங்காட்சியகமானது. ஆலை ஊர்களில் மாளிகைகள் பெரும்பாலும் ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு தலைமுறைதான் வீடாக இருந்திருக்கின்றன. அதற்குப் பிறகு அவை வேறு ஏதாவது ஆக வேண்டியிருந்தது, இல்லையென்றால் விழுந்தன.

சரி, எந்த வழி நல்லது என்று எதை வைத்து ஒப்பிடுவது? பணம் எவ்வளவு வரும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதும்தான். ஆனால் என் கணக்கில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், வருஷா வருஷம் யார் மொட்டைமாடிக்கு ஏறி, மழைநீர் வடியும் தூம்பில் அடைத்திருக்கும் சருகை எடுப்பார்? கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி எறிவார்? சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015, 2016, 2023 டிசம்பர்கள் எப்படி இருந்தன என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு பெரியது என்றால், மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற அந்தப் பழைய தளம் அப்படிப்பட்டது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். ஆனால் ஓட்டு இடுக்கில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் நேராகக் கட்டையின் நுனிக்குப் போகும், சுவருக்குள் புதைந்திருக்கிற அந்த நுனிதான் முதலில் உளுத்துப்போகும், கரையானும் அங்கேதான் வரும், கீழே நின்று பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. இதைச் சரி செய்கிறேன் என்று மேலே சிமென்ட் பூசிவிடுவார்கள். அது இன்னும் கேடு, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கட்டையிலேயே தங்கிவிடும். சுவருக்கும் இதே கதைதான். கிளிஞ்சல் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பூசிய சுவர் மூச்சு விடும், அதன் மேல் சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏற்றினால் ஒரு மழைக்காலத்திலேயே பொரிந்து கொட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க ஒரு நிலையான வருமானமும் வேண்டும். எந்த வழி இந்த இரண்டையும் தருகிறது என்று பாருங்கள்.

பூட்டிப் போடுவது தராது. ஒரு வாட்ச்மேனைப் போட்டு, சொத்துவரி கட்டிக்கொண்டு, ‘பிற்பாடு பார்க்கலாம்’ என்று விடுவதைத்தான் நிறையக் குடும்பங்கள் செய்கின்றன. இதில் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்று தோன்றும், ஆனால் இடிக்கும் முடிவை மழையின் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை. அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். 1897ல் கார்டில் பில்டிங் என்ற பெயரில் எழுந்தது, பின்னால் எல்ஐசி வசம் வந்தது, 2006ல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய் நிறுத்தியது, 2010ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்ப்பும் கொடுத்தது. தீர்ப்பு இடிப்பதை நிறுத்தியது. ஆனால் கட்டடத்துக்குள் அன்றாடம் போய் வரும் ஒரு வேலையைத் தீர்ப்பால் தர முடியாது. எல்ஐசி மாதிரி ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கும் கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், நான்கு ஊரில் இருக்கும் பங்காளிகளின் வீட்டுக்கு என்ன ஆகும்?

அந்த வழக்கோடு சேர்த்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 கட்டடங்களைப் பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிட்டது. அவற்றில் கை வைப்பதற்கு முன் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் இருக்கும் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மாநில அளவில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே வந்தாலும் நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் யாரிடமும் பேச்சைத் தொடங்க வேண்டும், அட்வான்ஸ் வாங்கிய பிறகு பார்ப்பது வம்பு.

அடுத்தது பில்டர். இதைக் கெட்ட வழி என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை, ஏனென்றால் பாகப்பிரிவினைச் சிக்கலை முழுதாகத் தீர்க்கும் வழி இது ஒன்றுதான். ஏழு பங்குதாரர் என்றால் ஆளுக்கு ஒரு ஃபிளாட், அல்லது ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும், அவரவர் பெயரில் பிரிபடாத மனைப் பங்கு, முடிந்தது. சென்னையில் இப்போதுள்ள 2019 விதிகளின்படி உயரமில்லாத கட்டடத்துக்கு அடிப்படை எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம், சாலையின் அகலத்தைப் பொறுத்துக் காசு கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கலாம். மொத்த வீட்டையும் இடித்துவிட்டால் கையில் வருவது மற்ற எந்த வழியையும்விட அதிகம். அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் பில்டர் காட்டும் கணக்கில் விட்டுப்போகும் சில விஷயங்கள் உண்டு. பழைய வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர் உங்களிடம் காசு வாங்குவதில்லை, அவர்தான் காசு கொடுப்பார். பர்மாத் தேக்கு உத்தரம், கதவு, நிலை, கல்தூண், இரும்புக் கிராதி, தரைக்கல் எல்லாவற்றுக்கும் சந்தையில் நல்ல விலை உண்டு. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் அது அப்படியே பில்டர் கணக்கில் போய்விடும். அப்புறம் காலம். கட்டி முடிக்கும் வரை மாத வாடகைக்கு ஒரு தொகை என்று பேசுவார்கள், தாமதமானால் அது நிற்கும், வேப்பேரியில் எங்கள் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. வீட்டையும் இடித்தாகிவிட்டது, புதியதும் எழவில்லை, நடுவில் பெரியவர்கள் வாடகை வீட்டில். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை, ஏனென்றால் அந்த வீட்டின் கூடத்தில் இருந்த சிவப்பு ஆக்சைடு தரை இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அப்படிப் போட்டுத் தர முடியாது.

ஓட்டல் ஆக்கலாம் என்ற யோசனை இளைய தலைமுறையிடமிருந்து வரும். சென்னைக்கு இது புதிதில்லை. 1938ல் கிருஷ்ணா ராவ் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார், அந்தப் பெயரே பங்களாவின் பெயர்தான். அகமதாபாத்தில் மங்கல்தாஸ் கிர்தர்தாஸ் என்ற துணி ஆலை முதலாளி 1924ல் கட்டிய வீடு இன்று ஊரில் எல்லோரும் சொல்லும் பாரம்பரிய ஓட்டல். செட்டிநாட்டிலும் கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி என்று வரிசையாக மாளிகைகள் ஓட்டலாகி உயிர் பிழைத்திருக்கின்றன. 1950க்கு முன் கட்டிய வீடாக இருந்து, குறைந்தது ஐந்து அறை இருந்தால் மத்திய சுற்றுலாத் துறையின் பாரம்பரிய ஓட்டல் வகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அகமதாபாத்தின் பழைய நகரம் 2017ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது, செட்டிநாட்டுக்கு வீட்டைப் பார்ப்பதற்கென்றே ஆள் வருகிறார்கள். வடசென்னைக்கு யார் அப்படி வருகிறார்கள்? வெளிநாட்டுப் பயணி விமான நிலையத்திலிருந்து நேராக மாமல்லபுரமோ பாண்டிச்சேரியோ போகிறார், வேலைக்கு வருகிறவர் ஓஎம்ஆர் பக்கம் அறை கேட்கிறார். வர வேண்டிய பகுதிதான் அது, ராயபுரம் ரயில் நிலையமும் ஜார்ஜ் டவுன் தெருக்களும் பார்க்க வேண்டிய இடங்கள், ஆனால் ஆள் வரும் வரை வட்டி நிற்காது. அதோடு ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வைக்க வேண்டும், சுண்ணாம்புச் சுவரை உடைத்துக் குழாய் செருக வேண்டும், தீயணைப்புத் துறைச் சான்று, வண்டி நிறுத்த இடம், இதெல்லாம் முடித்த பிறகு வீட்டில் பழையது என்று மிச்சம் இருப்பது முகப்பும் மாடிப்படியும்தான். மூலதனமும், ஓட்டல் நடத்தத் தெரிந்த ஒருவரும் குடும்பத்திலேயே இருந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம்.

கல்யாண மண்டபம், ஷூட்டிங் வீடு இரண்டும் சுலபப் பணம். நாள் வாடகை கையில் வரும். ஷூட்டிங்குக்கு வருகிறவர்கள் கதைக்கு ஏற்ற மாதிரி சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், ஆணி அடிப்பார்கள், கனமான விளக்கை எங்கே தொங்கவிடுகிறார்கள் என்று பார்க்க ஆள் வேண்டும். மொட்டைமாடியை அவர்கள் கேமரா கோணத்துக்காகப் பார்ப்பார்களே தவிர, தூம்பைப் பார்க்க மாட்டார்கள். ஒன்றிரண்டு வருஷம் வீட்டைத் தாக்குப்பிடிக்க வைக்க இது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இப்போது நிறுவனத்துக்குக் குத்தகை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் இன்றைக்கு நிற்கிற பெரிய பழைய தோட்ட வீடுகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்குள்ளும் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி 1790களில் கட்டிய பிராடி கேசில், இன்று இசைக் கல்லூரி. நுங்கம்பாக்கத்து டவ்டன் ஹவுஸ், 1916 முதல் மகளிர் கிறித்துவக் கல்லூரி. ஜார்ஜ் மௌப்ரேயின் கூபலா (சிறு குவிமாடம்) வைத்த தோட்ட வீடு, முதலில் அடையாறு கிளப், 1963ல் அது மெட்ராஸ் கிளப்போடு இணைந்த பிறகு மெட்ராஸ் கிளப். இவை இருநூறு வருஷத்துக் கட்டடங்கள். இவற்றைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் குடும்பங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது, ஆனால் காலையில் மணி அடித்ததும் உள்ளே வரும் ஆட்கள் இருந்ததால் கூரை நின்றது. வகுப்பறையில் ஒழுகினால் அன்றைக்கே புகார் போகும், அடுத்த மாதமே சரி செய்ய ஆள் வரும், பூட்டிய வீட்டில் அந்தப் புகாரைக் கொடுக்க யாரும் இல்லை.

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து, இனி அவ்வளவுதான் என்று நிறையப் பேர் கைவிட்ட கட்டடம். பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது, இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. சீர்செய்ததோடு விடாமல் உடனே ஒரு வேலையும் கொடுத்ததுதான் அதில் சரியாக நடந்த காரியம் என்பேன்.

இதிலும் ஆபத்து உண்டு. நிறுவனம் வளரும், இடம் போதாமல் போகும், முற்றத்துக்குத் தகரக் கூரை போடும், தாழ்வாரத்தை அடைத்து அறையாக்கும். அல்லது ஒரு நாள் போய்விடும். இங்கிலாந்தின் ராதர்ஹாம் பக்கம், நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருக்கும் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ், முகப்பு மட்டும் 600 அடிக்கு மேல் நீளம், நாட்டின் மிகப் பெரிய வீடுகளில் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் தோட்டத்தையே தோண்டி நிலக்கரி எடுத்தார்கள். அப்புறம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, கல்லூரி இருந்த வரை வீடு ஓடியது. 1980களின் கடைசியில் கல்வி நிறுவனம் வெளியேறியதும் கை மாறி மாறிச் சரிந்து, 2017ல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்க வேண்டியிருந்தது, அரசு 76 லட்சம் பவுண்டு கூரை முதலான அவசர வேலைகளுக்குக் கொடுத்தது. வீட்டின் விலையைவிடப் பழுதுபார்க்கக் கொடுத்த பணம் அதிகம்! அதனால் குத்தகை என்றால் நிறுவனம் போகும்போது வீட்டை என்ன நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பதை வரும்போதே எழுதி வாங்க வேண்டும்.

நம் ஊரில் வாடகைக்கு விட்டால் திரும்ப வராது என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. 1960 வாடகைச் சட்டத்தின் காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது, ஜார்ஜ் டவுனில் இன்றும் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். 2019ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தத்தில் என்ன தொகையோ அதுதான் வாடகை, காலம் முடிந்தும் காலி செய்யாதவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பயத்தை மறுபடி ஒருமுறை எடைபோட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அருங்காட்சியகம் ஆக்கலாம், அரசிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நல்ல மனசுதான். ஆனால் வீட்டை மட்டும் கொடுத்தால் அது சுமையைக் கைமாற்றுவதாகத்தான் முடியும். இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்ற தொழில் நகரத்தில் பெயின்ட் தயாரித்த மேண்டர் குடும்பத்தின் விட்விக் மேனர் என்ற மாளிகை 1937ல், பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டுக்குப் போனது. அந்த டிரஸ்ட் பொதுவாகப் பராமரிப்புக்கான நிதி இல்லாமல் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வதில்லை. அந்த மாதிரி ஓர் அமைப்பு தமிழ்நாட்டில் வலுவாக இல்லை. வீட்டோடு ஒரு நல்ல தொகையும் தரக்கூடிய குடும்பம் என்றால் சரி, அல்லது அந்த வீட்டில் வாழ்ந்தவர் ஊரே அறிந்தவர் என்றால் சரி. திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீட்டை அரசு எடுத்துப் பாதுகாக்கிறது, அது பாரதிக்காக. நம் கொள்ளுத்தாத்தா நூல் வியாபாரி, அவருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

வீட்டைப் பிரித்து வேறு இடத்தில் கட்டும் வழியும் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடு முதலாகப் பல வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், நேரில் போனால் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். மரத்தூணும் நிலையும் ஓடும் சேர்ந்த வீட்டை இப்படிப் பிரிக்கலாம். சென்னையின் தோட்ட வீடு பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும், பிரித்தால் கையில் கதவும் கட்டையும்தான் மிஞ்சும். இடிப்பது உறுதியாகிவிட்ட நிலையில் மட்டும் இதை யோசியுங்கள், அப்போதும் முதலில் வீட்டை முழுதாக அளந்து வரைபடமும் போட்டோவும் எடுத்து வையுங்கள். அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை, கட்டடக்கலை மாணவர்கள் ஆசையாகவே செய்து தருவார்கள்.

இனி நான் முதலில் சொன்ன வழி. பில்டரையும் குத்தகையையும் எதிரும் புதிருமாக வைத்துப் பேசுவதால்தான் குடும்பங்கள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. பெரிய மனையில் வீடு பொதுவாக முன்பக்கம் அல்லது நடுவில் இருக்கும், பின்னால் தொழுவம், வேலைக்காரர் குடியிருப்பு, கிணறு, மாமரம் என்று நிறைய இடம் கிடக்கும். உதாரணமாக 10 கிரவுண்டு என்று வைத்துக்கொள்வோம், அதாவது 24,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ 2 என்றால் மொத்தம் 48,000 சதுர அடி கட்டலாம். பழைய வீட்டின் இரண்டு தளமும் சேர்த்து 8,000 சதுர அடி என்றால், அதை இடிக்காமல் வைத்துக்கொண்டாலும் மனையைத் துண்டாகப் பிரிக்காத வரை கணக்குப்படி இன்னும் 40,000 சதுர அடி பாக்கி இருக்கிறது. வீட்டைக் காப்பாற்றினால் பாதி சொத்து போய்விடும் என்று பில்டர் சொல்லும்போது இந்தக் கணக்கைக் கேளுங்கள். பக்கவாட்டு இடைவெளி, தீயணைப்பு வண்டி திரும்ப வழி, உயர வரம்பு இதெல்லாம் சேர்ந்து அந்த 40,000 குறையும், எவ்வளவு குறையும் என்பது மனையின் வடிவத்தைப் பொறுத்தது. ஆறு கிரவுண்டுக்குக் கீழே போனால், அல்லது வீடு மனையின் நட்டநடுவில் இருந்தால் இந்த வழி பெரும்பாலும் சரிப்படாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மும்பையில் 1995 முதல் பாரம்பரிய வீட்டுக்காரர் தான் கட்டாமல் விட்ட பரப்பின் உரிமையை வேறு இடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம், அகமதாபாத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. சென்னையிலும் அது ஒழுங்காக, வாங்க ஆளோடு நடந்தால் சின்ன மனைக்காரர்களும் வீட்டை வைத்துக்கொள்ள முடியும். இதை அரசிடம் கேட்க வேண்டியது வீட்டுக்காரர்கள்தான், பாரம்பரிய ஆர்வலர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது.

பின்பக்கக் கட்டடத்தில் பங்குதாரர்களுக்கு ஃபிளாட் கிடைத்துவிடும், அவர்களுடைய கேள்வி தீர்ந்தது. முன்பக்க வீடு எல்லோருடைய பொதுச் சொத்தாக, ஒரு டிரஸ்ட் அல்லது சிறிய கம்பெனியின் பெயரில் இருக்கட்டும். சிறிய பள்ளி, நடனப் பள்ளி, வக்கீல் அலுவலகம், கட்டடக்கலை நிறுவனம், கிளினிக், புத்தகக் கடையோடு சேர்ந்த காபி கடை, எதுவானாலும் ஒரே குத்தகைதாரர். அறை அறையாகப் பத்துப் பேருக்கு விட்டால் தளத்துக்கு யாரும் பொறுப்பில்லாமல் போய்விடும், ஜார்ஜ் டவுனின் பல மாடி வீடுகளுக்கு அதுதான் நடந்தது.

இதற்கெல்லாம் முன்னால் பங்கு யார் யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். 1989ல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் 2005ல் மத்தியச் சட்டத் திருத்தமும் வந்த பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டு, ‘அத்தைக்கு அப்போதே நகை போட்டாயிற்று’ என்று பேசிக்கொண்டு அவர்களை விட்டுவிட்டுப் போடும் எந்த ஒப்பந்தமும் பிறகு வழக்காகி நீதிமன்றத்தில் போய் நிற்கும். ஒரே ஒரு பங்குதாரர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாலும் போதும், பிரிக்க முடியாத சொத்து என்று நீதிமன்றம் கருதி, பாதிப் பங்காவது வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டால் 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி விற்றுப் பணமாகப் பிரித்துக்கொடுக்க வழி இருக்கிறது, அப்போது வாங்குகிறவர் வீட்டுக்காகவா வாங்குவார்? அதனால் விற்க விரும்புகிறவரை எதிரியாக நடத்தாதீர்கள். அவருக்குப் பணம் தேவையாக இருக்கலாம், பிள்ளையின் படிப்போ உடம்பு முடியாததோ காரணமாக இருக்கலாம். அவர் பங்குக்கு நியாயமான விலை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்க மற்றவர்களால் முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், அந்தப் பணத்தை எல்லோரும் சேர்ந்து போட முடியவில்லை என்றால் வீட்டை முழுதாக வைத்துக்கொள்ளும் பேச்சை இன்றே விட்டுவிட்டுப் பில்டரோடு நல்ல ஒப்பந்தம் போடுவதுதான் நேர்மை.

குத்தகை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் குறித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன், உங்கள் வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். தளத்திலும் சுவரிலும் சிமென்ட் கூடாது, சுண்ணாம்புதான். கட்டை, உத்தரம், தூண், முற்றம் எதிலும் எழுத்து அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி பழைய தளத்தின் மேல் வைக்கக் கூடாது, தனியாகத் தாங்கு கட்டி வைக்க வேண்டும். ஏசி வெளிப்பெட்டிகள் முகப்பில் கூடாது. வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனியில் ஒன்று, புரட்டாசிக்குள் ஒன்று, குடும்பத்தில் ஒருவரும் குத்தகைதாரரும் ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரும் சேர்ந்து மாடிக்கு ஏறிப் பார்த்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாடகையில் ஒரு பங்கு, பத்துச் சதவீதமாவது, யாரும் தொட முடியாத தனிக் கணக்கில் பழுதுபார்ப்புக்கென்று போக வேண்டும், அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை இரண்டு வெவ்வேறு கிளையைச் சேர்ந்தவர்களிடம் இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும், முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பதினொரு மாத ஒப்பந்தமாகப் போட்டுக்கொண்டே போனால் எந்த நல்ல நிறுவனமும் தன் பணத்தை உங்கள் கூரையில் போடாது.

எங்கள் வீட்டில் இப்போது பங்குக் கணக்கு எழுதும் கட்டத்தில் இருக்கிறோம். பெரிய அத்தையின் கையெழுத்து வர வேண்டியிருக்கிறது, அதற்குள் ஐப்பசி வந்துவிடும் என்பதால் தூம்புகளைச் சுத்தம் செய்ய ஆள் சொல்லியாகிவிட்டது.